பழைய காருக்கு ஒரிஜினல் வீல், வீல் கப் தேடறீங்களா? பணத்தை எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டெப்னியைப் பாருங்க!



வழக்கமா இங்க எஸ்.ஐ.பி, டேர்ம் இன்சூரன்ஸ், வீட்டுக் கடன்னு பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் வித்தியாசமான தலைப்பு. "அப்பா வெச்சிருந்த பழைய காரை ரெடி பண்ணி விக்கலாமா, வெச்சுக்கலாமா? எவ்வளவு செலவு பண்ணலாம்?"னு கேட்டு நிறைய பேர் எழுதறீங்க. மொத்தக் காரையும் ஒரே பதிவுல பேச முடியாது. அதனால ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கலாம்: வீலும் வீல் கப்பும்.

ஏன் வீல்? பழைய கார் வாங்க வர்றவர் முதல்ல பாக்கறது அதைத்தான். விக்கறவர் ஏமாத்தறதுக்கும், வாங்கறவர் ஏமாறறதுக்கும் ரொம்ப சுலபமான இடமும் அதுதான். இதுல எங்க குடும்பமே ₹21,500 கோட்டை விட்டுச்சு. அந்தக் கணக்கை அப்படியே உங்க முன்னாடி வைக்கறேன்.

எங்க கதை

கோயம்புத்தூர்ல எங்க பெரியப்பா ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வெச்சிருந்தார். அவர் காலமானதுக்கு அப்புறம் வண்டி ரெண்டு வருஷம் ஷெட்லயே நின்னுச்சு. பெரியம்மாவுக்கு அதை வித்து, வர்ற பணத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல போட்டுட்டா மூணு மாசத்துக்கு ஒரு தடவை வட்டி வரும்னு ஒரு எண்ணம். நல்ல யோசனைதான்.

ஒரு சிக்கல் இருந்துச்சு. எப்பவோ ஒரு மெக்கானிக் அடாப்டர் போட்டு வேற ஏதோ காரோட வீலை மாட்டியிருந்தார். பாக்க வந்த ஒருத்தர், "வண்டி நல்லாத்தான் இருக்கு. வீல் சரியில்லை. இப்படியே எடுத்தா ₹80,000 குறைச்சுத்தான் தருவேன்"னு நேராவே சொல்லிட்டார்.

சரி, வீலை மாத்திடலாம்னு நானும் அண்ணனும் இறங்கினோம். ஆர்.சி-யைப் பாத்தோம். முதல் பதிவு 1966 ஜனவரி. உடனே 1966 பீட்டில் வீல் எப்படி இருக்கும்னு தேடினோம். ஓரத்துல நீளத் துளைகள் வெச்ச டிஸ்க், தட்டையான வீல் கப். வெளியூர்ல ஒருத்தர்கிட்ட அச்சு அசலா அதே செட் இருந்துச்சு. வாங்கிட்டோம்.

வீல் ₹38,000. லாரி செலவு ₹3,500. பெயின்ட் ₹6,000. மொத்தம் ₹47,500.

வீல் கச்சிதமா உக்காந்துச்சு. அஞ்சு போல்ட்டும் சரியா ஏறிச்சு. எங்களுக்கு ஒரே சந்தோஷம். அந்த வாங்கறவர் ஒரு வயசான மெக்கானிக்கோட திரும்பி வந்தார். அவர் மாட்டியிருந்த வீலைப் பாக்கவே இல்லை. முன்பக்க டிக்கியைத் திறந்தார் (பீட்டிலுக்கு இன்ஜின் பின்னாடி, டிக்கி முன்னாடி). உள்ள இருந்த ஸ்டெப்னியை மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சார். துளையே இல்லாத டிஸ்க். அதுல ரெண்டு எண் பதிஞ்சிருந்துச்சு: 4, 65.

"தம்பி, இது 65 மாடல் வண்டி. நீங்க 66 வீல் மாட்டியிருக்கீங்க"ன்னார்.

அத்தனை நாளும் வண்டிக்குள்ளயே இருந்த ஸ்டெப்னியை நாங்க ரெண்டு பேரும் ஒரு தடவைகூட எடுத்துப் பாக்கலை. பக்கத்துல நின்ன பெரியம்மா, "ஏன் கண்ணு, அது பெரியப்பா ஒருநாளும் மாத்தாத சக்கரமாச்சே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியலை.

பாடம் 1: ஆர்.சி-யில இருக்கற வருஷம் வண்டி பொறந்த வருஷம் இல்லை

ஆர்.சி-யில முதல் பதிவுத் தேதியைப் பாத்து முடிவு பண்றது எல்லாரும் பண்ற தப்பு. வெளிநாட்டுல செஞ்ச கார் கப்பல்ல வந்து, சுங்கம் முடிஞ்சு, பதிவாகறதுக்குள்ள மாசங்கள் ஓடியிருக்கும். அதோட மாடல் வருஷம்னு ஒண்ணு தனியா இருக்கு. ஃபோக்ஸ்வேகன்ல 1950-களின் நடுவுல இருந்து மாடல் வருஷம் ஆகஸ்ட்ல தொடங்கும். 1964 ஆகஸ்ட்ல இருந்து 1965 ஜூலை வரைக்கும் செஞ்சதெல்லாம் 1965 மாடல். 1965 ஆகஸ்ட்ல வந்ததே 1966 மாடல்தான்.

அப்போ சரியான வருஷத்தை எப்படிக் கண்டுபிடிக்கறது? மூணு வழி இருக்கு.

முதல் வழி, சேஸி எண். பீட்டிலுக்கு அது பின் சீட்டைத் தூக்கினா நடுவுல இருக்கற டனல் மேல இருக்கும். 1965 மாடல்ல இருந்து எண்ணோட முதல் ரெண்டு இலக்கம் வண்டி வகை, மூணாவது இலக்கம் மாடல் வருஷம். 115-னு தொடங்கினா 1965, 117-னு தொடங்கினா 1967. எங்க வண்டி 115. பின் சீட்டைத் தூக்கிப் பாக்க ஒரு நிமிஷம் ஆகும். அதைச் செய்யாம ₹47,500 செலவு பண்ணியிருக்கோம்.

ரெண்டாவது வழி, பிறப்புச் சான்றிதழ். ஜெர்மனியில வோல்ஃப்ஸ்பர்க் நகரத்துல இருக்கற ஃபோக்ஸ்வேகன் ஆட்டோ மியூசியம் சேஸி எண்ணை வெச்சு சான்றிதழ் தருது. எந்த நாள் தயாராச்சு, என்ன நிறம், எந்த நாட்டுக்கு அனுப்பினாங்கன்னு அதுல இருக்கும். கட்டணம் உண்டு. ஆனா விக்கும்போது இந்த ஒரு தாள் வாங்கறவரோட பாதி சந்தேகத்தைத் தீர்த்துடும்.

மூணாவது வழி, ஸ்டெப்னி. ரோட்டுல ஓடாததால அடி வாங்காது, மாத்தவும் மாட்டாங்க. பழைய காருல தொழிற்சாலையில இருந்து வந்தபடியே மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகமுள்ள வீல் அதுதான். பழைய பெயின்ட்கூட அதுல அப்படியே இருக்கும். கவனிங்க, ஸ்டெப்னியையும் எப்பவாவது மாத்தியிருக்கலாம். அதனால சேஸி எண்ணும் ஸ்டெப்னியும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதான்னு பாக்கணும்.

பாடம் 2: பொருந்தறது வேற, சரியானது வேற

பீட்டில் மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கு மேல தயாரான கார். 2003-ல மெக்சிகோவுல கடைசி வண்டி வந்துச்சு. அதனால வீல் கிடைக்கறது கஷ்டமில்லை. உங்க வருஷத்துக்கான வீல் கிடைக்கறதுதான் கஷ்டம். முக்கியமான மாற்றங்கள் இவைதான்:

• 1952 அக்டோபர் வரைக்கும் 16 அங்குல வீல். அதுக்கப்புறம் 15 அங்குலம்.

• 1965 மாடல் வரைக்கும் துளையில்லாத டிஸ்க், நடுவுல குவிஞ்ச வீல் கப். 1966 மாடல்ல ஓரத் துளை வெச்ச டிஸ்க், தட்டையான வீல் கப் வந்துச்சு.

• ஆரம்பத்துல அஞ்சு போல்ட். போல்ட் வட்டத்தோட விட்டம், அதாவது பி.சி.டி, 205 மி.மீ. அப்புறம் நாலு போல்ட், 130 மி.மீ. ஐரோப்பாவுல 1500 மாடலுக்கு இது 1966 ஆகஸ்ட்லயே வந்துடுச்சு. அமெரிக்காவுக்குப் போன வண்டிகளுக்கு 1968 மாடல்ல வந்துச்சு.

ஒரு எச்சரிக்கை. எல்லா மாடலும் ஒரே நாள்ல மாறலை. விலை குறைஞ்ச எளிய மாடல்கள்ல பழைய அமைப்பே இன்னும் கொஞ்ச காலம் தொடர்ந்துச்சு. அதனால வருஷத்தோட எந்த மாடல்ங்கறதையும் சேத்துப் பாருங்க.

இப்போ எங்க தப்பு எங்கேன்னு புரியுதா? 1965, 1966 ரெண்டுக்கும் அதே அஞ்சு போல்ட், 205 மி.மீ., அதே 15 அங்குலம். 66 வீல் 65 வண்டியில தாராளமா உக்காரும். போல்ட் ஏறாம இருந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்போம்.

ஓட்டறதுக்கு மட்டும்தான் வண்டின்னா, பொருந்தற நல்ல வீலே போதும். விக்கறதுக்கோ, வின்டேஜ் கண்காட்சிக்கோன்னா, வருஷத்துக்குச் சரியான வீல் வேணும். இந்த ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணிட்டு அப்புறமா கடைக்குப் போங்க.

பாடம் 3: வாங்கறதுக்கு முன்னாடி கையில எடுத்துப் பாக்க வேண்டியவை

*அளவு.* நாலு துளை வீல்னா எதிரெதிர் துளைகளோட மையத்துக்கு மையம் அளந்தா அதுதான் பி.சி.டி. அஞ்சு துளைக்கு எதிர்ல துளை இருக்காது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளோட மையத்துக்கு மையம் அளந்து 1.701 ஆல பெருக்குங்க. பழைய பீட்டிலுக்கு 120.5 மி.மீ. வரும். 120.5-ஐ 1.701 ஆல பெருக்கினா 205. போன்லயே பேரம் பேசறீங்கன்னா, டேப் வெச்சு அளக்கற போட்டோவை அனுப்பச் சொல்லுங்க.

*பதிவு முத்திரை.* பழைய ஃபோக்ஸ்வேகன் வீல்ல ரிம் அளவு (4 ஜே × 15 மாதிரி), தயாரிச்ச மாசம், வருஷம், தயாரிப்பாளர் குறி எல்லாம் அச்சடிச்சிருக்கும். கே.பி.இசட்-னு இருந்தா குரோன்பிரின்ஸ் கம்பெனி. லெம்மெர்ஸ்னும் பாக்கலாம். ஒரு எளிய விதி: வீலோட தேதி வண்டியோட தேதிக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கணும். வண்டி தயாரான தேதிக்கு அப்புறம் செஞ்ச வீல் அந்த வண்டியோட பொறந்ததா இருக்கவே முடியாது. கெட்டியா பவுடர் கோட்டிங் அடிச்சு முத்திரையே தெரியலைன்னா, அதைத் தேதி தெரியாத வீல்னு நினைச்சு அந்த விலைக்கு மட்டும் கேளுங்க.

*உடம்பு.* போல்ட் துளை நீள்வட்டமா தேஞ்சிருக்கா? துளையைச் சுத்தி மயிரிழை விரிசல் இருக்கா? வெல்டிங் பண்ணின தடம் இருக்கா? இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் வேண்டாம்னு சொல்லிடுங்க. இது விலையைத் தாண்டின விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. அப்புறம் வண்டியில மாட்டி, ரிம் ஓரத்துக்குப் பக்கத்துல ஒரு கம்பியை அசையாம வெச்சு, சக்கரத்தைச் சுத்திப் பாருங்க. கோட்டம் கண்ணுக்கே தெரியும். டயர் உக்கார்ற விளிம்புல துரு ஆழமா அரிச்சிருக்கான்னும் பாருங்க.

*வீல் கப்.* வெளிப்பக்கத்தை விட உள்பக்கம் நிறைய சொல்லும். காந்தம் வெச்சா ஒட்டணும். குரோம் பூசின இரும்பு ஒட்டும், அலுமினியம் ஒட்டாது. குழிகளை டிங்கரிங்ல எடுக்கலாம். ஆனா மெல்லிய தகடு, ரெண்டு மூணு தடவை பாலிஷ் பண்ணினா எழுத்தோட கூர்மை போயிடும். புதுசா குரோம் போடற செலவு சில சமயம் இன்னொரு நல்ல கப்போட விலையையே தொட்டுடும், விசாரிச்சுட்டு வாங்குங்க. கப்பைப் பிடிச்சிருக்கற கிளிப் வீல்லதான் இருக்கு. அது உடைஞ்சிருந்தா எவ்வளவு நல்ல கப்பும் முதல் பள்ளத்துலயே பறந்துடும்.

பழைய ரிம்ல டியூப்லெஸ் டயரைப் பிடிச்சு வைக்கற மேடு இருக்காது. அப்படின்னா டியூப் போட்டுத்தான் ஓட்டணும். டியூப் செலவையும் கணக்குல சேருங்க.

பாடம் 4: எங்க தேடறது?

சென்னையில புதுப்பேட்டை, மும்பையில சோர் பஜார், கொல்கத்தாவுல மல்லிக் பஜார், டெல்லியில மாயாபுரி. பழைய உதிரி பாகங்களுக்குப் பேர் போன இடங்கள் இவை. அம்பாசிடர், ஃபியட் பத்மினி மாதிரி இங்கேயே ஓடின வண்டிக்கு இங்கெல்லாம் வாய்ப்பு அதிகம். பீட்டில் மாதிரி குறைவா வந்த வண்டிக்கு, அதே கார் வெச்சிருக்கறவங்களோட பழக்கம்தான் நல்ல வழி. ஒருத்தர்கிட்ட உபரியா ரெண்டு வீல் இருக்கும், இன்னொருத்தர்கிட்ட மூணு கப் இருக்கும். எங்க போனாலும் பில் வாங்குங்க. எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாத பொருளை விலை குறைவுன்னு வாங்காதீங்க.

வெளிநாட்டுல இருந்து வரவழைக்கறீங்களா? ரெண்டு விஷயம். ஒண்ணு, சுங்க வரி பொருளோட விலைக்கு மட்டும் இல்லை. கப்பல் அல்லது விமானக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த தொகைக்கு. வீல் கனமான சரக்கு, அதனால கட்டணமும் கூடும், வரியும் கூடும். ரெண்டாவது, நம்ம வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைப்படி மூலதனப் பொருள் அல்லாத பழைய சாமான்களை இறக்குமதி பண்ண அனுமதி வேணும். புதுசா செஞ்ச நகல் வீல் கப்புக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பழைய ஒரிஜினலை ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு சுங்க ஏஜென்ட்கிட்ட கேட்டுடுங்க. சரக்கு துறைமுகத்துல மாட்டிக்கிட்டா வாடகை வேற ஏறும்.

பாடம் 5: கணக்கு

அப்புறம் நாங்க என்ன பண்ணினோம்? அந்த 66 செட்டை வித்தோம். ₹26,000 தான் கிடைச்சுது. ₹47,500-ல இருந்து ₹26,000 போனா நஷ்டம் ₹21,500. மாட்டியாச்சு, இருந்துட்டுப் போகட்டும்னு அண்ணன் சொன்னார். செலவழிச்ச பணம் போனதுதான். இனிமே போடற பணம் எவ்வளவு திருப்பித் தரும்ங்கறது மட்டும்தான் கேள்வின்னு உக்காந்து பேசி முடிவெடுத்தோம்.

எங்க முன்னாடி மூணு வழி இருந்துச்சு. வண்டித் தேதிக்குப் பக்கத்துல இருக்கற முத்திரையோட நாலு வீலும் தேடறது. மாசக் கணக்கா ஆகும், விலையும் அதிகம். ரெண்டாவது, அதே வகை ஒரிஜினல் வீல், தேதி முன்னப் பின்ன இருந்தாலும் பரவாயில்லைன்னு வாங்கறது. மூணாவது, புது நகல். வாங்கறவரையே கேட்டோம். "வகை சரியா இருந்தா போதும், தேதியை நான் பொறுமையா தேடிக்கறேன்"னார். அதனால ரெண்டாவது வழி. ஸ்டெப்னி ஏற்கெனவே இருக்கறதால நாலு மட்டும் போதும்.

• வீல் 4 × ₹7,000 = ₹28,000
• வீல் கப் 4 × ₹3,500 = ₹14,000
• கோட்டம் எடுத்து பெயின்ட் = ₹8,000
• போக்குவரத்து = ₹3,000
• மொத்தம் = ₹53,000

வாங்கறவர் குறைச்ச ₹80,000-ஐத் திருப்பிச் சேத்தார். ₹80,000-ல ₹53,000 போக ₹27,000 மிச்சம். அதுல பழைய நஷ்டம் ₹21,500 போக, கைக்கு வந்தது ₹5,500. அவ்வளவுதான்! (இது எங்க வீட்டுக் கணக்கு. சந்தை விலைன்னு எடுத்துக்காதீங்க.)

இதுல இருந்து ஒரு விதி: வீலுக்குப் போடற மொத்தச் செலவு, வீல் சரியில்லாததால குறையற விலையை விடக் கம்மியா இருந்தா மட்டும் விக்கறதுக்காக மாத்துங்க. ₹80,000 குறைக்கறாங்க, செலவு ₹90,000 ஆகும்னா, பேசாம குறைச்ச விலைக்கே குடுத்துடுங்க. இன்னொண்ணு, இன்ஜினே வேற காரோடதா இருக்கற வண்டிக்கு முத்திரை வீல் போட்டு விலை ஏத்த முடியாது.

பாடம் 6: பேப்பர் வேலை

*இன்சூரன்ஸ்.* அஞ்சு வருஷத்துக்கு மேலான வண்டிக்கு ஐ.டி.வி-யை கம்பெனியும் நீங்களும் பேசித்தான் முடிவு பண்ணணும். வீல், கப் வாங்கின பில்லும் போட்டோவும் இருந்தா பேச ஆதாரம் இருக்கும்.

*வின்டேஜ் பதிவு.* 2021-ல வந்த விதிப்படி முதல் பதிவாகி 50 வருஷத்துக்கு மேலான, சேஸி, பாடி, இன்ஜினைப் பெருசா மாத்தாத வண்டியை வின்டேஜா பதிவு பண்ணலாம். புதுப் பதிவுக்கு ₹20,000, மறுபதிவுக்கு ₹5,000, பத்து வருஷம் செல்லும். நம்பர் பிளேட்டுல 'வி.ஏ' எழுத்து வரும். ஆனா அப்புறம் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பராமரிப்பு மாதிரி காரணங்களுக்கு மட்டும்தான்.

*வரி.* சொந்த உபயோகத்துக்கான கார் பொதுவா மூலதனச் சொத்துல வராது. அதனால வித்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனா 1931 ஃபோர்டு கார் ஒண்ணு பத்தின வழக்குல, நிஜமாவே சொந்தமா பயன்படுத்தினதுக்கு ஆதாரம் இல்லைன்னு பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தச் சலுகையைக் குடுக்கலை. பெட்ரோல் பில், சர்வீஸ் பில், இன்சூரன்ஸ் ரசீது எதையும் தூக்கிப் போடாதீங்க. பெரிய தொகைன்னா ஒரு ஆடிட்டரைப் பாருங்க.

சுருக்கமா

1. சேஸி எண், ஸ்டெப்னி, பிறப்புச் சான்றிதழ். இந்த வரிசையில வருஷத்தை உறுதி பண்ணுங்க.
2. ஓட்டவா, விக்கவா, வெச்சுக்கவான்னு முதல்லயே முடிவெடுங்க.
3. அளவு, முத்திரை, விரிசல் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.
4. லாரி, பெயின்ட், குரோம், டியூப், வரி எல்லாம் சேத்து மொத்தச் செலவு போடுங்க.
5. கழட்டின பழைய பாகத்தைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீங்க. விக்கும்போது வண்டியோடவே குடுங்க.
6. அவசர கால நிதியில இருந்தோ, பர்சனல் லோன் போட்டோ இதைச் செய்யாதீங்க. வண்டியை நினைச்ச நாள்ல வித்துக் காசாக்க முடியாது.

பெரியம்மா இப்போ வட்டி வாங்கிட்டு இருக்காங்க. அந்த ₹21,500-உம் சேந்து இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் வந்திருக்கும். பார்க்கும்போதெல்லாம் சிரிச்சுக்கிட்டே அதைச் சொல்லிக் காட்டறாங்க. வாங்கிக்க வேண்டியதுதான்.

வீல்ல பி.சி.டி அளக்கறதை வீடியோவுல செஞ்சு காட்டியிருக்கேன், பாருங்க. உங்க வீட்டு ஷெட்லயும் ஒரு பழைய வண்டி நிக்குதா? இன்னைக்கே போய் ஸ்டெப்னியைத் துடைச்சுப் பாத்துட்டு, என்ன எண் இருந்துச்சுன்னு கமென்ட்ல சொல்லுங்க.